கவிழ்ந்த டம்ளர்

நான்கு பேர் கூடிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் அந்த மேசையின் நடுவில் ஒரு காலி டம்ளர் இருக்கும். கதை யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அதைக் கவிழ்த்துக் கதையை அங்கேயே நிறுத்திவிடலாம்; ஏன் என்று மற்றவர்கள் கேட்கக் கூடாது. இந்த வழக்கம் வந்ததே ஜெரால்டு செய்த அட்டகாசத்தால்தான். எல்லோரும் சேர்ந்து பாலம் கட்டினால் கதையில் அவனுடைய ஆள் அதற்குத் தீ வைப்பான், கூட்டாளியின் பையிலேயே கையை விடுவான். இனிமேல் வராதே என்று அவனிடம் சொல்லிவிடத்தான் கதை நடத்தும் இன்பவல்லி அன்று வந்திருந்தாள். ஆட்டத்தில் காயம்பட்ட தோழனை உள்ளே விட்டுவிட்டு மற்ற மூவரின் ஆட்களும் வைத்தியர் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள். "வைத்தியர் கையத் துடைச்சிக்கிட்டே வெளிய வந்து, கூட வந்தவங்க யாருன்னு கேக்கறார்" என்றாள் இன்பவல்லி. போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில், அண்ணனுக்காக நின்றிருந்த தன்னிடம் டாக்டர் கேட்ட அதே கேள்வி என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. நிறுத்தத் தெரியாமல், கண் கலங்கக் கலங்க மேலே மேலே சொல்லிக்கொண்டு போனாள். கதை சொல்பவளும் டம்ளரைத் தொடலாம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. ஒரு கை நீண்டு அதைக் கவிழ்த்தது. ஜெரால்டின் கை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவன் பகடையைத் தன் முன்னால் நகர்த்திக்கொண்டான். "வல்லிக்கா, என் ஆளு வைத்தியர் வீட்டுக் கூரைக்குத் தீ வைக்கிறான். பகடை உருட்டவா?" இன்பவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு பகடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பகடையெல்லாம் வேணாம்டா," என்றாள். "எரியட்டும்."