வார் இல்லாத கவசம்

"டேய் டங்கன், உனக்கு மூளை கீளை கழண்டு போச்சா? தோல் வார் எங்கடா?"

நெவில் இரும்புக் கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வார நாளில் பஸ் ஓட்டுகிறவன், சனிக்கிழமை ஆனால் சரித்திர வேஷக் குழுவில் ரோமானியப் படைத் தலைவன். நாளைக்குப் பழைய கோட்டையில் அணிவகுப்பு.

"வார் வேண்டாம்னு விட்டுட்டேன்" என்றான் டங்கன்.

டங்கனுக்கு மாடியில் இரண்டே அறை வீடு. இஸ்திரி மேசைதான் பட்டறை. பட்டடைக் கல் குளியல் தொட்டிக்குள், போர்வை மேல். கீழ்வீட்டுக்காரி சுத்தியல் சத்தம் பொறுக்காமல் தன் கூரையைத் துடைப்பக் கட்டையால் இடித்து இடித்து ஓய்ந்திருந்தாள்.

"பட்டைகளை உள்ளே தோல் வார்ல கோத்தாத்தானே உடம்பு வளையும்? நீ ஒண்ணோட ஒண்ணா ஆணி அறைஞ்சு வெச்சிருக்கே! இதைப் போட்டா எந்த ரோமானியனாலும் குனிஞ்சு செருப்புகூட மாட்ட முடியாது!"

"தெரியும்."

"தெரியுமா? எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவனே நீதானேடா!" நெவிலுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

உள்ளே டங்கனின் மனைவி ஹேசல், மகளின் அறைக் கதவைத் தட்டினாள். "எல்சி, இன்னிக்காவது எங்களோட சாப்பிட வாம்மா."

கதவு திறக்கவில்லை. பள்ளிக்கூடம், சிநேகிதிகள் எல்லாம் விட்டுவிட்டு மூன்று வாரமாக அறையே கதி என்று கிடந்தாள் பெண்.

நெவிலுக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ள அங்கே அப்படிக் கிடக்குது, நீ இங்கே ஆணி அடிச்சுட்டிருக்கே. நல்ல அப்பன்டா!"

டங்கன் சுத்தியலைக் கீழே வைத்தான். கவசத்தை மாட்டிக்கொண்டான். மரப்பொம்மை மாதிரி நடந்து போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். முள்கரண்டியில் எடுத்த பட்டாணி வாய்க்கு வருமுன் உருண்டோடியது. எட்டிப் பிடிக்கப் பார்த்தான். நாற்காலியோடு தடாலென்று சாய்ந்தான்.

"என்னடா கூத்து இது?" என்று நெவில் ஓடினான்.

அதற்குள் அறைக் கதவு திறந்துவிட்டது.

"ஐயோ அப்பா, இடுப்பை வளைக்கப் பார்க்காதே! முட்டியை மடக்கி எழுந்திரு, நான் அப்படித்தான் எழுந்திருக்கிறேன்." சிரிப்பும் அழுகையுமாக ஓடி வந்த எல்சியின் உடம்பில், கோணிய முதுகெலும்புக்காக டாக்டர் மாட்டிவிட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் கவசம், மார்பிலிருந்து இடுப்புவரை விறைப்பாக இருந்தது.

"இதை எப்போப்பா கழட்டுவே?"

"நீ உன்னோடதைக் கழட்டுற அன்னிக்கு."