குதிக்கக் குதிக்க இறுகும்

நான்காவது மூலையும் உட்கார்ந்துவிட்டது.

சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அவள் கட்டிலைப் பிடித்து உலுக்கினாள். இரண்டு கையாலும் உலுக்கினாள். கட்டில் தரையில் நகர்ந்ததே தவிர ஒரு மூலையும் அசையவில்லை. அவளுக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது.

கட்டில் செய்வதுதான் அவளுக்குப் பிழைப்பு. பட்டறையில் அவள் பற்றவைத்த இரும்புக் கட்டில்கள் கோயம்புத்தூரில் எத்தனையோ வீடுகளில் கிடக்கின்றன. ஒருவரும் குறை சொன்னதில்லை.

சொந்த மகள்தான் மூன்றை உடைத்தாள்.

தாரணிக்குப் பதினேழு வயது. பேச்சு அவ்வளவாக வராது. குதிப்பது நன்றாக வரும். எழுந்தால் குதிப்பாள், சாப்பிட்டால் குதிப்பாள், மழை வந்தால் கேட்கவே வேண்டாம். நைலான் நாடாக் கட்டில் அவளைத் தூக்கித் தூக்கிப் போடும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்துக்காக எத்தனை கட்டில் வேண்டுமானாலும் செய்யலாம்.

மூன்றாவது உடைந்தபோது தாரணியின் தாடையில் தையல் போட வேண்டியதாயிற்று.

மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் குமரேசன். வீடு திரும்பியதும் மனைவியிடம் சொல்லிவிட்டான்.

"இன்னொருக்கா ஒடஞ்சுதுன்னா வூட்டுல கட்டிலே கெடையாது. கீழதான் பாய்."

கீழே பாய் போட்டால் தாரணி குதிக்க மாட்டாள். தரை அவளைத் திருப்பித் தூக்கிப் போடாது.

அதிலிருந்து அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. போல்ட்டு போட்டால் நாளடைவில் ஓட்டை பெருத்துவிடுகிறது. பற்றவைத்தால் பற்றுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடுகிறது. என்ன செய்தாலும் மகளின் கால் வந்து பிரித்துப் போடுகிறது.

போன வாரம் பாத்திரம் கழுவும்போது ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளர் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. அழுத்தினாள். இன்னும் இறுகியது.

ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

மறுநாள் பட்டறையில் முதலாளியிடம் கேட்டு, கனத்த தகட்டை வெட்டினாள். கட்டில் காலில் தகட்டால் ஒரு பை. மேலே அகலம், கீழே குறுகல். சட்டத்தின் முனையில் அதே அளவுக்கு ஓர் ஆப்பு. ஆப்பைப் பைக்குள் இறக்கினால் போதும். பாரம் விழ விழ அது இறங்கி இறுகும். குதித்தால் பிரியாது. குதிக்கக் குதிக்கத்தான் கெட்டிப்படும்!

இன்று ஞாயிற்றுக்கிழமை. குமரேசன் வண்டி ஓட்டப் போயிருந்தான்.

மின்விசிறியை நிறுத்தினாள். தாரணி கட்டிலில் ஏறும் முன் விசிறி நின்றாக வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம்.

"ஏறு சாமி!"

தாரணி ஏறினாள். குதித்தாள். மறுபடி குதித்தாள்.

கட்டில் சத்தமே இல்லாமல் கம்மென்று இருந்தது. அம்மா மண்டியிட்டு மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நூல் அளவுகூட விலகவில்லை. சந்தோஷம் தாங்காமல் தரையைத் தட்டினாள்.

நிமிர்ந்தபோது தாரணி சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"குதி கண்ணு. ஒடையாது."

தாரணி இறங்கினாள். கட்டில் காலைத் தட்டிப் பார்த்தாள். அதில் காதை வைத்தாள். குனிந்து அடியில் தேடினாள். பிறகு உதட்டைப் பிதுக்கி அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"கிரீச்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பழைய கட்டில் மூன்றிலும் அது இருந்தது. பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சத்தம் வருகிற கட்டில் வாசலைத் தாண்டாது. சத்தம் வந்தால் மூலை இளகுகிறது என்று பொருள். இத்தனை வருஷமும் அவள் காதுக்கு அது உடையப்போகிற சத்தம்தான்.

தாரணிக்கோ அது கூடச் சேர்ந்து கத்துகிற கூட்டாளி.

கூட்டாளியின் வாயை அடைத்துவிட்டோமே என்று நெஞ்சு கனத்தது. கொஞ்ச நேரம்தான். சும்மா உட்காருகிற ஆளா அவள்!

மூலையைத் தொடக் கூடாது. பாரம் விழாத இடத்தில் ஒரு சத்தம் வேண்டும், அவ்வளவுதானே?

பிஸ்கட் டப்பா மூடியை வெட்டினாள். குறுக்குக் கம்பியின் அடியில் நாக்குப் போல மாட்டினாள். கட்டிலை அமுக்கினாள். டக் என்றது. தாரணி இல்லையென்று தலையாட்டினாள். மூடியை வளைத்தாள். ணங் என்றது. அதற்கும் தலையாட்டல். கம்பியில் பெயின்ட்டைச் சுரண்டி, தகரத்தை அதோடு உரச விட்டு அமுக்கினாள்.

கிரீச்.

தாரணி கூவிக்கொண்டு மேலே ஏறினாள்.

சாயங்காலம் தெருமுனையிலேயே குமரேசனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. வண்டியைப் போட்டது போட்டபடி ஓடி வந்தான்.

கட்டிலின் மேல் மகள் குதித்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மனைவியும்.

"எறங்குங்க ரெண்டு பேரும்! ஒடையப்போவுது, சத்தம் கேக்குலியா?"

"கேக்குதுங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க மூலையப் பாருங்க."

குனிந்தான். ஒவ்வொரு மூலையாகக் கை வைத்துப் பார்த்தான். மேலே இரண்டு பேர் குதிக்கிறார்கள், கைக்கடியில் காலும் சட்டமும் ஒரே இரும்பாக நின்றன. அடியில் எட்டிப் பார்த்தான். பிஸ்கட் மூடி கத்திக்கொண்டிருந்தது.

மகளின் தாடையில் அந்தத் தையல் தழும்பு. அதற்கு மேலே அவள் வாய் முழுக்கச் சிரிப்பு.

அவன் போய்த் தெருக்கதவைச் சாத்தினான். சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்து அலமாரியில் வைத்தான்.

பிறகு அண்ணாந்து, விசிறி நின்றிருக்கிறதா என்று பார்த்தான்.