இடது இருக்கை

“ஹால்வர், தோரா, கிளைட், அப்புறம் நான். நாலு பேர்தான் இருக்கோம். கதவைச் சாத்து தோரா. இங்க பேசறது இங்கயே இருக்கட்டும்” என்றார் லொரெட்டா.

தோரா கதவைச் சாத்தினாள். நால்வர் பூட்ஸிலிருந்தும் பனி உருகித் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் போட்ட காபி தீய்ந்து நாறியது. எழுந்து போய் அடுப்பை அணைக்க யாருக்கும் தெம்பில்லை.

மொன்டானா மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன விமானத் திடலின் தொண்டர் படைக்கு லொரெட்டா தலைவி. படையில் சம்பளம் கிடையாது. எங்காவது விமானம் காணாமல் போனால் தேடப் போவார்கள். சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிப் பறக்கப் பழக்குவார்கள்.

அன்று விடிந்ததிலிருந்து தேடியிருந்தார்கள். உயரத்தில் போன பயணிகள் விமானம் ஒன்றுக்கு பீக்கனின் அலறல் கேட்டிருந்தது. பீக்கன் என்பது சிறு விமானத்தின் வால் பக்கம் இருக்கும் பெட்டி. விமானம் எதிலாவது மோதினால் அது தானாகவே ரேடியோவில் கத்தத் தொடங்கும். அந்த அலறல் பாறைகளில் பட்டுத் திரும்பி, இவர்களை மலைக்கு மலை அலைக்கழித்தது. முழங்கால் பனியில் கிளைட் விழுந்து கணுக்கால் வீங்கியதுதான் மிச்சம். பொழுது சாயும் நேரத்தில் தேடல் கருவியின் முள் காட்டிய இடம், இவர்களுடைய சொந்தக் கொட்டகை. கத்திக்கொண்டிருந்தது இவர்களுடைய சொந்த விமானம்.

பழுது பார்த்த அந்த விமானத்தை முந்தின நாள் மதியம் வெளியூரிலிருந்து ஓட்டி வந்தவர்கள் ஹால்வர் ஹாகனும் அவர் மகள் தோராவும்தான். இந்தப் படையைத் தொடங்கியவர் ஹால்வரின் தகப்பனார். ஹால்வருக்கு எழுபது தாண்டிவிட்டது. தோரா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வரும் சனிக்கிழமைதான் முதல்முறையாகப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவள் பறக்க வேண்டும்.

தரையில் மோதுகிற மாதிரி இறக்கியவர் யாரோ, அவர் பெயரை மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்றார் லொரெட்டா. அவர் கொஞ்ச காலம் விமானத்தைத் தொடக் கூடாது. பிறகு மறுபடி தேர்வு எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும்.

“ஓட்டறவங்க இடது பக்கம். நேத்து இடது இருக்கையில யாரு?”

“நான்தான்” என்றார் ஹால்வர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் முதுகு சாயாதவர் அவர் ஒருவர்தான்.

கிளைட் சிரித்துவிட்டார். “பெரியவரே, என் கால்தான் வீங்கியிருக்கு, மூளை இல்ல. நீங்க இறக்கினா மடியில தூங்கற குழந்தைகூட முழிக்காது.”

“நேத்து மோதிட்டேன்.”

லொரெட்டா வேறு வழியாகக் கேட்டார். இறங்கியதும் எஞ்சினை நிறுத்துவதற்கு முன்னால் ரேடியோவைப் பீக்கனின் அலைவரிசைக்குத் திருப்பி, அது கத்துகிறதா என்று கேட்பது இந்தப் படையின் பழக்கம். கேட்டிருந்தால் அங்கேயே அதை அணைத்திருக்கலாம். ஒருவரும் மலையேறியிருக்க வேண்டாம்.

“ஏன் கேக்கல?”

ஹால்வர் “மறந்துட்டேன்” என்றார்.

கிளைட் இப்போது சிரிக்கவில்லை. “கேக்காம எஞ்சினை அணைச்சேன்னு என்னை மாசக்கணக்கா பறக்க விடாம தரையில உட்கார வச்ச ஆளு நீங்க. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே நீங்க. நீங்க மறந்தீங்களா?”

லொரெட்டாவும் நம்பவில்லை. தோரா பக்கம் திரும்பி, இந்த வயதில் இவரைத் தரையில் உட்கார வைத்தால் மறுபடி ஏற்ற மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

தோரா கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“நான்தான் இறக்கினேன். காத்து ஒரு பக்கமா தள்ளிச்சு, சமாளிக்க முடியல. பயத்துல ரேடியோவும் கேக்கல. அப்பா எனக்காகச் சொல்றாரு.”

ஹால்வர் எழுந்துவிட்டார். “அவ சொல்றது பொய்.”

“அப்பா.”

“என் தப்பு, என் பேரைப் போடு லொரெட்டா. எங்க குடும்பத்துல யாரும் அடுத்தவங்க முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சதில்ல.”

“எந்த அப்பாவா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவாரு” என்றார் லொரெட்டா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீங்கிய காலோடு கிளைட் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். ஹால்வர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“போதும்ப்பா. அசதியா இருக்கு. வீட்டுக்குப் போலாம்” என்றாள் தோரா.

சனிக்கிழமை பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் படையின் விமானி ஏற்றிப் போனார். தோரா திடலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தினாள்.

கிளைட்டின் வாய்க்குக் கதவு இல்லை. மகள் செய்த தவறைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்த உத்தமத் தகப்பன் என்று ஹால்வர் ஹாகனைப் பற்றி அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் இன்றும் பேசுகிறார்கள்.

அது தவறு. விமானம் வந்த அன்று தோரா, ஆஸ்பத்திரி இரவுப் பணி முடிந்து வந்த அசதியில் வலது இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். சக்கரம் தரையில் மோதியபோதுதான் விழித்தாள்.