மொட்டைக் கத்தி

ஆய்வுக்கூடத்துக் கத்திக்குத் தன் வேலையே பிடிக்கவில்லை. யார் பார்க்க வந்தாலும், தண்ணீரில் ஊறித் தளதளவென்றிருக்கும் ஜெல் கட்டியான ஜெல்லம்மாவை அது இரண்டாக வெட்டிக் காட்ட வேண்டும். ஜெல்லம்மாவின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று லேசாகக் கைகோத்து நிற்பவை. துண்டுகளைச் சேர்த்து வைத்தால், விட்ட கைகளை மறுபடி பிடித்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் ஒட்டிக்கொள்வாள். கூட்டம் கைதட்டும். கத்திக்குத்தான் மனசு கேட்காது.

ஒருநாள் அது மேசை விளிம்பில் உரசி உரசித் தன்னை மழுக்கிக்கொண்டது.

"இனிமே உனக்கு வலிக்காது, தாயி" என்றது.

"அறிவிருக்கா உனக்கு?" என்று துள்ளினாள் ஜெல்லம்மா. "வலிச்சா வலிச்சிட்டுப் போகுது! டி.வி.காரங்க வர்ற நேரத்துல மொட்டையா நிக்கிறியே. ஓடு, போய்த் தீட்டிக்கிட்டு வா. இன்னைக்கு மூணு துண்டாப் போடணும்!"