மாத்திரையே தொடாதவள்

"உங்கம்மா அடிக்கடி கடையில மாத்திரை வாங்கிப் போடுவாங்களா?"

டாக்டர் கேட்டதும் மகனுக்குச் சுருக்கென்றது.

"எங்கம்மாவா? தலைவலிக்குக்கூட மாத்திரையைத் தொடமாட்டாங்க சார்!"

"போன வருஷம் இதே கைப்புண்ணோட வந்தாங்க. புண்ணுல இருந்த கிருமியை லேப்ல வளர்த்துப் பார்த்தோம், ரெண்டு மருந்துக்கு அடங்குச்சு. இந்த வருஷம் எந்த மருந்துக்கும் மசியல. மருந்துலேயே ஊறிப் பழகின கிருமி."

"லேப்ல சாம்பிளை மாத்தியிருப்பாங்க." மகன் எகிறினான்.

"சந்தேகப்பட்டு மறுபடியும் பார்த்தாச்சு. மணிக்கட்டோட கையை எடுத்தாத்தான் உயிர் தங்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

டாக்டர் போனதும் அவன் கட்டிலருகே வந்து உட்கார்ந்தான். அம்மா கண்ணயர்ந்திருந்தாள். கட்டுப்போட்ட வலது கை தலையணைமேல் கிடந்தது.

செல்போன் அடித்தது. அவனுடைய கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவன்.

"மொதலாளி, கோழிங்க தண்ணிக்குக் கத்துதுங்க. நோய் வராம, சீக்கிரம் எடை போடன்னு தினமும் தண்ணியில மருந்து கலப்போமே, அது எவ்வளவு போடணும்? அம்மாதானே எப்பவும் கையை விட்டுக் கலக்குவாங்க, எனக்கு அளவு தெரியாது."

அவன் அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். 'கரண்டி எதுக்கும்மா, கையாலயே கலக்கு, நல்லாக் கரையும்' என்று சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

"வெறுந்தண்ணி வை" என்றான்.

அந்தக் குரலுக்கு அம்மா கண் விழித்தாள்.

"வெறுந்தண்ணியா? அவனுக்கு மருந்து கலக்குறதெல்லாம் பிடிபடாதுப்பா. ரெண்டு நாள் பொறுத்துக்கச் சொல்லு. கை சரியானதும் நானே வந்து கலக்குறேன்."