கியூரியோ கடைக்கு வந்தவர்

கடைக்குள் நுழைந்தவரின் பிரவுன் ஷூவைப் பார்த்ததுமே ஜோயல் சட்டென்று எழுந்து நின்றான். ஒட்ட வெட்டிய முடி, முறுக்கிய மீசை. மாமல்லபுரத்தில் சிலைக் கடை வைத்திருப்பவனுக்கு இதற்குமேல் அடையாள அட்டை வேறு வேண்டுமா? சிலைக் கடத்தலைப் பிடிக்கும் போலீஸேதான்.

நேற்றும் இதே ஆள் வந்தார். எதற்கும் விலை கேட்கவில்லை. சிலைகளைவிட ஜோயலைத்தான் அதிகம் பார்த்தார். அவர் போனதும் எதிரே டீக்கடை வைத்திருக்கும் மோசஸ் ஓடி வந்தான்.

"மச்சான், உன்னப் பத்திதான் கேட்டுகினு இருந்தாரு. குடிப்பானா, யார்கூட சுத்துவான்னு. இன்னா மேட்டரு?"

மேட்டர் தெரிந்தால் ஜோயல் ஏன் ராத்திரி முழுக்கப் புரளப்போகிறான்? நாளைக்குப் படூரில் பெண் பார்க்கப் போகிறார்கள். ஜெனிட்டாவை போட்டோவில் பார்த்ததோடு சரி, அதற்கே மனசைப் பறிகொடுத்துவிட்டான். இந்த நேரம் பார்த்துக் கேஸ் கீஸ் என்று வந்தால் கல்யாணம் அவ்வளவுதான்.

வந்தவர் பெயர்ப் பலகையைக் காட்டினார். "கியூரியோன்னா என்ன அர்த்தம்னு தெரியுமா தம்பி?"

அவரே விளக்கினார். லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்கு அக்கறை என்று பொருளாம். அக்கறை உள்ளவன் துருவித் துருவிக் கேட்பான் இல்லையா, அதனால் அது ஆர்வத்துக்குப் பெயரானது. அப்புறம் ஆர்வத்தைக் கிளப்பும் விசித்திரப் பொருளுக்கும் அதே பெயர். விக்டோரியா ராணி காலத்தில் வெள்ளைக்காரன் கியூரியாசிட்டி என்ற அந்த நீள வார்த்தையைப் பாதியாக வெட்டி, கியூரியோ ஆக்கிவிட்டானாம்.

துருவித் துருவி என்றதுமே ஜோயலுக்கு வேர்த்துவிட்டது.

அவர் மூலையில் இருந்த மூக்குடைந்த பிள்ளையாரைத் தூக்கிப் பார்த்தார். "இது பல்லவர் காலத்துதா?"

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"ஏசப்பா மேல சத்தியமா பழசு இல்ல சார். போன தீபாவளிக்கு செஞ்சது. நான்தான் மூக்க ஒடச்சி, புளித்தண்ணி, செம்மண்ணு பூசி, கொல்லையில பொதச்சி எடுத்தேன். பல்லவர் காலம்னு சொல்லி ஃபாரினருங்க தலைல கட்டுவேன். இங்க கீறது எல்லாமே டூப்பு சார். நான் கடத்தல்காரன் இல்ல, வெறும் ஃபிராடு."

அவர் பிள்ளையாரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"கேஸு வாணாம் சார்," என்று ஜோயல் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க எந்த ஸ்டேஷன் சார்?"

"நான் இங்கிலீஷ் வாத்தியார் தம்பி. ஜெனிட்டாவோட அப்பா."