ஒற்றைப் பூச்சு

டக். டக். டக். டொம்.

விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போன சத்தம் அது. கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்தக் கடைசி 'டொம்' மட்டும் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

தட்டியவள் பக்கத்து வீட்டு மருமகளின் நாத்தனார். படுத்திருக்கும் தாயைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்திருந்தாள். இரவல் வாங்கிய வெந்நீர்ப் பையைத் திருப்பிக் கொடுக்கப் போன நான், கொடுக்கவும் முடியாமல் கிளம்பவும் முடியாமல் அறை வாசலிலேயே நின்றேன்.

கட்டிலில் அந்தத் தாய். ஒரு காலத்தில் தெருமுனைவரை கேட்கும் குரல் அவருக்கு. பக்கவாதம் வலப்பக்கத்தோடு குரலையும் வாங்கிக்கொண்டு போயிருந்தது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் முடிக்க வேண்டுமென்று, சமையலறையை ஒட்டி அவசரமாகக் கட்டிய அறை அது.

"டொம்முங்குது பாத்தியாடா? உள்ள வெறும் காத்து!" என்று தம்பியிடம் சொன்ன நாத்தனார், ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள். "மேஸ்திரி, கொஞ்சம் உள்ள வாங்க!"

மதில் வேலையில் இருந்த மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உள்சுவருக்கு ஒரே பூச்சு போதுமா?"

"சுவர் நேரா இருந்தா தாராளமாப் போதும்மா. மத்த பக்கமெல்லாம் தட்டிப் பாருங்க, கல்லாட்டம் இருக்கும். இந்தக் கட்டில் ஓரத்துல மட்டும் செங்கல் உள்வாங்கி இருந்துச்சு. அதை நிரவறதுக்கு ஒரேயடியா கனமா அப்பிட்டேன். கனம் தாங்காம விட்டுக்கிச்சு. ஒண்ணு பூசி, காயவிட்டு, மேல இன்னொண்ணு பூசியிருக்கணும்."

"தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"அவசரம்மா. தப்பு என்னோடதுதான். கொத்தி எடுத்துட்டு மறுபடி பூசித் தரேன்னு அப்பவே சொன்னேன். இவங்கதான் வேணாம்னுட்டாங்க."

எல்லோரும் மருமகளைப் பார்த்தோம்.

"இருக்கட்டும் அண்ணி," என்றாள் அவள். "ஒரு பூச்சே போதும்."

"போதுமா? நகத்துக்கே ரெண்டு பூச்சு பூசறவ நீ! எங்கம்மா சுவருக்கு ஒண்ணு போதுமா?"

மேஸ்திரி சிரிக்கப் போய், இருமினார்.

"கொத்தினா தூசி பறக்கும். அத்தைக்கு ஆகாது."

"ஹால்ல படுக்க வச்சுட்டுக் கொத்தறது! டேய், நீயாவது வாயைத் திறயேன்டா."

மகன் மனைவி பக்கம் திரும்பினார். "கொத்திட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன அதுல?"

"வேணாங்க."

எனக்கே எரிச்சலாக இருந்தது. வாயில்லாத பெண்ணா என்றால் அதுவும் இல்லை. அவள் பேசினால் தெருவே நின்று கேட்கும். காரணம் இருந்தால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து தாயின் நெற்றியைத் தடவினாள். "அம்மா, என்கூட வந்துடறீங்களா? இந்த லட்சணத்துல இங்க ஏன் கிடக்கணும்?"

தாய் தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாத்தனார் எழுந்து மருமகள் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்லி மிரட்டி வச்சிருக்க இவங்கள? நல்லாயிரு தாயே. ஒத்தப் பூச்சு!"

தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு, போட்ட சாப்பாட்டைத் தொடாமலே கிளம்பிவிட்டாள். மகன் பின்னாலேயே ஓடினார். உளியைக் கையில் எடுத்த மேஸ்திரி, மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு மதிலுக்கே திரும்பிப் போனார்.

சமையலறையில் அவள் எனக்கு டீ கலந்தாள். கரண்டி டம்ளரில் தாளம் போட்டது.

"பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இல்லையாடி?" என்றேன்.

பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடுப்பை ஒட்டிய சுவரிலிருந்து வந்தது:

டொம். டொம்.

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் துணி போட்டு மூடிய பெட்பேனோடு குளியலறைக்குப் போனாள். கை கழுவிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

"அத்தைதான் கூப்பிட்டாங்க. இடக்கையில விரலை மடக்கித் தட்ட மட்டும்தான் முடியுது. மத்த இடத்துல தட்டினா இங்க கேட்கவே மாட்டேங்குதுக்கா."

"ஒரு மணி வாங்கி வைக்கிறதுதானே?"

"என் வீட்டுக்காரர் வாங்கி வச்சார். சுவிட்சைத் தொட்டா வீடு பூரா அடிக்கும். எதுக்குக் கூப்பிடறாங்கன்னு மகனுக்கும் தெரிஞ்சுடுமே. அந்தக் கூச்சத்துல காலையிலேர்ந்து அடக்கிக்கிட்டே கிடந்தாங்க. சாயங்காலம் படுக்கையிலேயே... அன்னிக்கு அவங்க அழுததை நீங்க பார்க்கலக்கா. இந்த 'டொம்' எனக்கு மட்டும்தான் கேட்கும்."

"இதை உன் நாத்தனார்கிட்ட சொல்லியிருந்தா?"

"அத்தை காதுபட, பெத்த பொண்ணுகிட்டயா?"

ஆறிப்போன டீயை என் பக்கம் நகர்த்தினாள்.

மாமியார் இருந்தவரை அந்தச் சுவரை யாரும் கொத்தவில்லை. நாத்தனார் வைத்த பேர் சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. போன வருஷம் மருமகள் இறந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஒத்தப் பூச்சு போயிட்டாளாமே?" என்றுதான் கேட்டார்கள்.